கோணலுக்குச் செய்த கச்சிதம்

"கூவுதா?" என்று கேட்டாள் தங்கை, போனில்.

"எது?"

"கம்ப்யூட்டர் பெட்டிதான்க்கா. ஸ்விட்ச் போட்டதும் உள்ளேயிருந்து கீன்னு ஒரு சத்தம் வருமே."

"வருது. ஆனா வழக்கமா வர்ற மாதிரி இல்ல. நீட்டமா ஒண்ணு இழுக்குது, அப்புறம் துண்டு துண்டா கூவுது. திரை கறுப்பா கிடக்கு. தூக்கிக் கிணத்துல போட்டுடலாம்னு இருக்குடி."

"கிணத்துல அப்புறம் போடலாம். போனைப் பெட்டிமேல வச்சிட்டு இன்னொரு தடவை போடு. நான் காதால கேக்கறேன்."

அக்கா அப்படியே செய்தாள். பெட்டி நீளமாகக் கூவியது. பிறகு துண்டு துண்டாக. பட்டறைப் பக்கத்திலிருந்து இழைப்புளி ஓடும் சத்தம் நின்றது.

"யாரு லைன்ல? ஆஃப்-ஆன் அம்மணியா?" என்று அக்காவின் கணவரின் குரல் வந்தது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருப்பாளே!"

"கேட்டுச்சு அத்தான்!" என்று பெட்டியின்மேல் கிடந்த போன் கத்தியது. "உங்களை ஆஃப் பண்ற ஸ்விட்ச்தான் எங்கன்னு எங்க அக்காவுக்கு இன்னும் தெரியல!"

அந்தப் பட்டப்பெயர் குடும்பத்தில் ஒட்டிக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. தங்கைக்கு இன்டர்நெட் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்வரை ஊரார் கத்தலெல்லாம் அவள் காதுக்குள்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டே சம்பளம் வாங்குகிறாள் என்று உறவில் எல்லோரும் கேலி பேசுவார்கள். அக்காவும் பேசியிருக்கிறாள். அதையெல்லாம் அன்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சத்தம் கேட்டேன்க்கா. திரைக்குப் படம் போடற கார்டு எங்கன்னு பெட்டி தேடுது, கிடைக்கலைன்னு அழுவுது. ஒப்பாரி வைக்குதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம். ஆமா, கேக்கம்மா எப்ப வராங்க?"

"நாலு மணிக்கு."

"இன்னிக்கு எனக்கு லீவுதான். பஸ் பிடிச்சு வரேன். நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. முக்கியமா அத்தான் தொடவே கூடாது."

கேக்கம்மா என்பது அவர்களாக வைத்த பெயர். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்குக் கேக் செய்து கொடுப்பவர். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான் அவருக்குக் கால். உட்கார்ந்த இடத்திலிருந்தே மாவு பிசைந்து, அடுப்பில் வைத்து, எடுத்து, அலங்கரிக்கிற மாதிரி ஒரு சமையலறை வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார். தச்சரான கணவர் இதுவரை செய்த சமையலறைகளெல்லாம் நிற்பவர்களுக்கானவை. இதை மட்டும் அக்கா தன் கம்ப்யூட்டரில் வரைந்திருந்தாள். முழுக்க முழுக்க அவள் வரைந்த முதல் அறை அது. திரையில் கதவைத் திறந்து உள்ளே போகலாம், திரும்பிப் பார்க்கலாம், இழுப்பறையை இழுக்கலாம். எல்லாமே உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலிருந்து.

ஆனால் பெட்டி பழையது. போன முறை கேக்கம்மா வந்தபோது படம் தத்தித் தத்தி நகர்ந்தது. திரும்பச் சொன்னால் யோசித்துத்தான் திரும்பியது. பாதியிலேயே கேக்கம்மா கண்ணை மூடிக்கொண்டார். "தலை சுத்துதும்மா. நீங்க நல்லாத்தான் வரைஞ்சிருப்பீங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய கடை ஒன்று அவரை வரச் சொல்லியிருப்பதாகவும், அங்கே எல்லாம் சுவர் அகலத் திரையில் காட்டுவார்களாம் என்றும் போகிற போக்கில் சொன்னார். அங்கே போகுமுன் இன்னும் ஒரே ஒரு தடவை இங்கேயும் பார்த்துவிடுங்கள் என்று அக்காதான் கெஞ்சி இன்றைக்கு வரவழைத்திருந்தாள்.

கணவர் அவளைக் குறைத்துப் பேசுகிறவர் அல்ல. ஆனால் மரத்தை நம்புகிற மனுஷர். "படத்தைப் பாத்து யாரு வாங்குவா? பலகையைத் தொட்டுப் பாத்துதான் வாங்குவாங்க. அளவு என் கையில இருக்கு" என்பார். இந்த அறையும் கைவிட்டுப் போனால் அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லமாட்டார். அதுதான் பயமாக இருந்தது. பேசாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விடுவார். அவள் மறுபடியும் பட்டறை வாசலில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுக்கிற ஆளாகிவிடுவாள்.

அதனால்தான் இந்தப் புது கிராபிக்ஸ் கார்டு. உங்கள் பழைய பெட்டி தாங்கக்கூடியது இதுதான், இதற்குத் தனியாக மின்சார வயர்கூட வேண்டாம் என்று கடைக்காரர் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது. காலையில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து மாட்டினார்கள். மாட்டியதும் இந்த ஒப்பாரி.

தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேள்வி தொடங்கியது.

"கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு?"

"நேத்து."

"அதுக்கப்புறம் எதையெல்லாம் தொட்டீங்க? சம்பந்தமில்லாததா இருந்தாலும் சொல்லு."

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கே!" என்றார் தச்சர்.

"போலீஸ் யாரு செஞ்சாங்கன்னு கேக்கும் அத்தான். எனக்கு என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா போதும். யாரு செஞ்சா எனக்கென்ன?"

அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். பழைய கார்டைக் கழற்றியது, புதியதைச் சொருகியது, திரைக்குப் போகும் வயரை மாற்றியது, திருகாணியை முறுக்கியது, மூடியபோது கை தட்டித் தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்தது.

"தண்ணி உள்ளே போச்சா?"

"இல்ல. இவர் வேட்டியிலதான் போச்சு."

"அப்ப வேட்டிக்குத்தான் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டுத் தங்கை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரோடு வந்த தகரக் கூடு துருப்பிடித்துப் போனபோது, தச்சர் மனைவிக்காகத் தேக்கில் ஒரு கூடு செய்து கொடுத்தார். ஆணி ஒன்றுகூட இல்லாமல் மூலைகளைக் கோத்திருப்பார். காற்றுப் போக முன்பக்கம் இலை நரம்பு மாதிரி கீறல்கள். உள்ளே ஒவ்வொரு உறுப்பையும் அளந்து அளந்து அதற்கென்று இடம். கார்டின் ஓரத்தில் மடங்கி நிற்கும் தகரக் கழுத்து வந்து உட்காரப் பின்பக்கம் ஒரு மரச்சட்டம். அந்தச் சட்டத்தில்தான் திருகாணி இறங்கும். வந்தவர்களெல்லாம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுக் கூட்டைத்தான் தடவிப் பார்ப்பார்கள். அவரும் தடவ விடுவார்.

தங்கை பிளக்கைப் பிடுங்கினாள். உள்ளிருந்த இரும்பை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"சாமி கும்பிடறியா?"

"உடம்புல இருக்கற கரன்ட்டை இறக்கி வைக்கறேன் அத்தான். ஒரு பொறி போதும், கார்டு பொசுங்கிடும்."

முதலில் புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய கார்டை மாட்டினாள். ஸ்விட்ச். கீ என்று ஒரே ஒரு கூவல். திரை விழித்துக்கொண்டது.

"ஆக, திரை நல்லாருக்கு, பெட்டி நல்லாருக்கு. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. மிச்சம் இருக்கறவங்களை விசாரிப்போம்."

பழையதைக் கழற்றி, புதியதை எடுத்துச் சொருகி, இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்தினாள். டக் என்றது. திருகாணியைச் சும்மா விரலால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினாள். ஸ்விட்ச் போட்டாள்.

கீ.

திரையில் படம் வந்தது. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"என்னடி செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல. அதான் எனக்குப் பிடிக்கல" என்றாள் தங்கை. "காரணம் தெரியாம சரியானது, காரணம் தெரியாமலே கெட்டுப்போகும்."

கார்டுக்கு வேண்டிய மென்பொருளை ஏற்றினாள். ஏறி முடிந்ததும் அணைத்தாள். "கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். டீ இருக்கா?"

அக்காவும் தங்கையும் அடுக்களையில் நின்றபடியே டீ குடித்தார்கள். திரும்பி வந்து ஸ்விட்ச் போட்டால், நீளமான ஒப்பாரி. கறுப்புத் திரை.

அக்கா போனை எடுத்தாள். "போச்சு! கேக்கம்மாவுக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிடறேன்."

"ஏன்? நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் தங்கை. குரலில் எரிச்சல் இல்லை. அவள் கத்தாமல் இருந்ததைத்தான் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்றால் இந்நேரம் பெட்டியை ஒரு தட்டுத் தட்டியிருப்பாள், கணவரை இரண்டு.

தங்கை கார்டைக் கழற்றினாள். விளிம்பிலிருந்த பொன்னிறப் பற்களை ரப்பர் துண்டால் மெல்லத் தேய்த்தாள். சொருகுகிற பள்ளத்தை பிரஷ்ஷால் கூட்டினாள். மரத்தூள் வந்தது.

"ஆகா, தூள்மேல பழியா? இந்த வீட்டுல சோறு போடறதே அந்தத் தூள்தான்" என்று வாசலிலிருந்து தச்சர் சொன்னார்.

"பழி போடல அத்தான், பெருக்கறேன். நீங்க பெருக்கமாட்டீங்கன்னு அக்கா கல்யாணம் ஆன புதுசுலயே புகார் கொடுத்திருக்கா. என்கிட்ட பதிவாயிருக்கு."

மறுபடி சொருகினாள். திருகாணி விரலால் ஒரு சுற்று. கீ. படம்.

"தூள்தான்!" என்றாள் அக்கா.

"இருக்கலாம்" என்றாள் தங்கை. அணைத்தாள். "அத்தான், இதைத் தூக்கி மேஜைமேல வச்சிடுங்க. நான் கைகழுவிட்டு வரேன்."

கைகழுவிவிட்டு வந்து போட்டால், பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் ஒப்பாரி.

இந்தத் தடவை தங்கை பெட்டியைத் தொடவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். காதில் மாட்டியிருப்பவள்போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். வேலையில் இப்படித்தான் இருப்பாள்போல என்று அக்கா நினைத்தாள். எதிர்முனையில் யாரோ கத்திக்கொண்டிருக்க, இவள் கத்தலை விலக்கிவிட்டு உள்ளே இருக்கிற சங்கதியை மட்டும் பொறுக்கிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் இதையா கேலி செய்தோம்?

"என் முன்னாடி நல்லாருக்கு" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமலே. "நான் எழுந்து போனா சாகுது. ரெண்டு தடவையும். அப்ப, நான் போனதுக்கும் வந்ததுக்கும் நடுவுல ஒண்ணு நடக்குது. என்ன நடந்தது?"

"என்ன நடக்கும்? நானும் உன்கூடத்தானே டீ..." என்று தொடங்கிய அக்கா நிறுத்தினாள். அவள் கண் பெட்டியின் பின்பக்கம் போயிற்று. தங்கை விரலால் ஒரு சுற்று மட்டும் விட்டிருந்த திருகாணி, தலை தெரியாமல் மரத்தில் பதிந்து உட்கார்ந்திருந்தது.

அவளுக்குத் தன் புருஷனைத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்க்குமுன் கதவுக் கீலைப் பார்க்கிற ஆள். பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தபடியே நாற்காலிப் பிடி ஆடுகிறது என்று டாக்டருக்குச் சைகை காட்டியவர்.

"ஏங்க! அந்த ஸ்க்ரூவை முறுக்கினீங்களா?"

"பின்னே?" என்று தச்சர் நிமிர்ந்து நின்றார். "தொளதொளன்னு நின்னுச்சு. நீங்க டீ குடிக்கப் போனப்ப ஒரு தடவை, தூக்கி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. லூசான ஸ்க்ரூவைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறதுக்கு நான் என்ன சம்பந்தி வீட்டு ஆளா?"

"காலையிலயும் முறுக்கினீங்க?"

"நல்லா முறுக்கினேன்."

தங்கை எழுந்தாள். முகத்தில் விளக்கேற்றின மாதிரி இருந்தது. "அத்தான், நீங்க மட்டும் முறுக்கலைன்னா இது என்னிக்காவது வந்தவங்க முன்னாடி மானத்தை வாங்கியிருக்கும். யாராவது ஒருநாள் முறுக்கித்தானே ஆகணும்? நோவை நீங்கதான் காட்டிக் கொடுத்தீங்க."

திட்டு வரும் என்று தோளைத் தூக்கிக்கொண்டு நின்றவர் தோளை இறக்கினார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். திருகாணியைத் தளர்த்தினாள். போனின் வெளிச்சத்தை அக்கா கையில் கொடுத்து, "இங்க பிடி. கார்டோட இந்த மூலையையே பாரு. நான் அந்தப் பக்கம் மெதுவா முறுக்கறேன்" என்றாள்.

திருப்புளி திரும்பத் திரும்ப, கார்டின் மறுகோடி பள்ளத்திலிருந்து மெல்ல எழுந்தது. ஒரு தலைமுடி அளவு. பொன்னிறக் கோடு ஒன்று மெலிதாக வெளியே தெரிந்தது.

"எழுந்திருக்குதுடி! குழந்தைங்க ஏத்தப்பலகையில உக்கார்ற மாதிரி. இந்தப் பக்கம் அழுத்தினா அந்தப் பக்கம் தூக்குது!"

"அவ்வளவுதான் நோய்."

"அதெப்படி?" என்றார் தச்சர். "பழைய கார்டு இத்தனை வருஷம் இதே ஸ்க்ரூவுலதான் நின்னுச்சு. சட்டத்துல தப்பு இருந்தா அதுவும் எழுந்திருக்கணுமே? அந்தச் சட்டம் நான் செதுக்கினது."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா இரண்டு கார்டுகளையும் எடுத்து மேஜையில் அருகருகே வைத்தாள். பட்டறைக்குப் போய் அவர் செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

அவர் குனிந்தார். மூலைமட்டத்தைப் புதிய கார்டின் தகரக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். வெளிச்சம் புகவில்லை. பழையதன் கழுத்தோடு சேர்த்தார். நடுவில் நூலளவு வெளிச்சம் வந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் வந்தது.

"பழசோட கழுத்து வளைஞ்சிருக்கு" என்றார் மெதுவாக. "தகரக் கூட்டுலேருந்து பிடுங்கினப்ப நான்தான் வளைச்சிருப்பேன். அதை வச்சு அளவெடுத்துச் சட்டம் செஞ்சிருக்கேன்." சற்று நேரம் கார்டையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கோணலுக்குக் கச்சிதமா செஞ்சிருக்கேன்டி! என்னை மாதிரி எவன் செய்வான்?"

"ஸ்க்ரூ இல்லாமலே விட்டுடலாம் அத்தான், ஓடும்" என்றாள் தங்கை. அந்தச் சட்டத்தைத் தொட அவளுக்கும் மனசில்லை. "இல்லைன்னா புதுசோட கழுத்தையும் லேசா வளைச்சிடலாம்."

"நேரா இருக்கறதைக் கோணலாக்கச் சொல்றியா? என் வீட்டுலயா?"

அவர் உளியை எடுத்துவர எழுந்தார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். "பயப்படாதே. நாலு மணிக்குள்ள முடிப்பேன். அளவு..." என்று தொடங்கி, மீதியைச் சொல்லாமல் போய்விட்டார்.

தங்கை உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகை முழுவதும் காகிதம் போர்த்தி ஓரம் ஒட்டினாள். ஒரு தூள்கூட விழக்கூடாது. தச்சர் மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் கையால் செய்து, ஊரெல்லாம் தடவிப் பார்த்த கூட்டில் உளியை வைத்தார். சீவல் காகிதத்தைவிட மெலிதாகச் சுருண்டு வந்தது. ஒன்று சீவுவார், கார்டை வைத்துப் பார்ப்பார், மறுபடி ஒன்று. முகத்தில் வருத்தம் இல்லை. புது மரத்தைத் தொடுகிற அதே முகம். அக்கா வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் தங்கை, அந்தப் பக்கம் கணவர். இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை.

"இப்ப?" என்றார்.

தங்கை காகிதத்தைத் தூளோடு மடித்து எடுத்துவிட்டுக் கார்டைச் சொருகினாள். "இப்ப நீங்க முறுக்குங்க அத்தான். ஆசை தீர முறுக்குங்க."

முறுக்கினார். அக்கா மறுகோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

ஸ்விட்ச். கீ. ஒரே ஒரு கூவல்.

வாசலில் சக்கர நாற்காலி வந்து நின்ற சத்தம் கூடவே கேட்டது.

கேக்கம்மா தயங்கித்தான் உள்ளே வந்தார். "போன தடவை மாதிரி சுத்தினா நான் சொல்லிடுவேன்மா. கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

கதவு திறந்தது. திரையில் சமையலறை தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. ஜன்னல், மேடை, கைக்கெட்டும் உயரத்தில் அடுப்பு. கேக்கம்மாவின் கை தானாகவே நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்தது, உள்ளே உருட்டிக்கொண்டு போகிறவர்போல. அக்கா திருப்பினாள், அறை திரும்பியது. யாரும் கண்ணை மூடவில்லை.

"நில்லுங்க, நில்லுங்க" என்றார் கேக்கம்மா திடீரென்று.

அக்கா மவுஸை நிறுத்தினாள்.

"அந்த மாவு பிசையற மேடைக்குக் கீழ ஒரு குறுக்குச் சட்டம் போகுதே, அது என் முழங்காலை இடிக்கும்."

அக்கா பார்த்தாள். இடிக்கத்தான் செய்யும். இத்தனை நாள் வரைந்தவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருப்பவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சட்டத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். மேடையின் கீழ் இடம் திறந்தது. மறுபடி உள்ளே போய்க் காட்டினாள்.

"இப்ப?"

கேக்கம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் உருட்டினார். "இப்ப உள்ளே போகலாம்" என்றார். "இன்னொரு தடவை கதவுலேருந்து காட்டுங்க. அந்த எலியை என்கிட்ட கொடுங்க, நானே போறேன்."

அவரே போனார். அடுப்பைத் திறந்தார், இழுப்பறையை இழுத்தார், ஜன்னல் பக்கம் திரும்பிச் சும்மா ஒரு நிமிஷம் நின்றார். பின்னால் நின்ற தச்சர் தங்கையின் காதில், "பலகையில வெட்டின பிறகு இடிச்சிருந்தா?" என்றார்.

"உளி எடுத்திருப்பீங்க."

"எடுத்திருப்பேன். இன்னிக்கு அதுதான் வேலை."

தங்கை ஓசைப்படாமல் பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். அக்கா திரையை விட்டுத் திரும்பி, "எங்கடி போறே? சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். அப்புறம், யாரும் எதிர்பார்க்காமல், "நீ இல்லைன்னா நான் பெட்டியை உடைச்சிருப்பேன்" என்றும் சொன்னாள்.

"உடைச்சிருந்தா ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருப்பேன்" என்றாள் தங்கை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

கேக்கம்மா எலியை விட்டுவிட்டுத் தச்சர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். எல்லோரும் அவரிடம்தான் திரும்புவார்கள். அவர் கையில்தானே மரம்.

"சரிங்க. செஞ்சிடுங்க. நாளைக்கு அந்தக் கடைக்கு நான் போகல. மேடையை எவ்வளவு உயரம் வைக்கப் போறீங்க?"

தச்சர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அதை மனைவியின் பக்கம் நீட்டினார்.

"அளவா? அதை அவகிட்ட கேளுங்க."